ஒழுகும் கூரைக்கு யார் பணம் தருவார்?

கண்ணாடிப் பேழைக்குப் பணம் தர ஆள் உண்டு. விளக்குக்கு உண்டு, ஏசிக்கு உண்டு, திறப்பு விழாப் பந்தலுக்கும் உண்டு. மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்கும், கரையான் அரித்த கட்டைக்கும், கைப்பிடிச் சுவர் விரிசலுக்கும் லேசில் ஆள் கிடைப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்துக்கு நான் பொருளாளர். கட்டடப் பழுதுபார்ப்புக்குப் பணம் திரட்டப் புறப்பட்ட நாளிலிருந்து நான் முட்டிக்கொண்டிருக்கும் சுவர் இதுதான். பேழையும் விளக்கும் கூரை ஒழுகாத வரைக்கும்தான். அதனால் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டோம்: எந்தப் பணம் வந்தாலும் முதலில் கூரைக்கு, கூரைக்கு வரும் பணத்திலும் ஒரு பங்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் பராமரிப்புக்கு. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த கதையை, இதேபோல் ஊருக்குள் ஒரு காட்சியகத்தை வைத்துக்கொண்டு ஐப்பசி அடைமழையை நினைத்துக் கலங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கட்டடம் பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பும் முதற்கட்டின் (வீட்டின் முன்பகுதி) சில அறைகளும் மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக்கூரை. வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமும் பின்னால் உள்ள இரண்டாங்கட்டும் ஓட்டுக்கூரை. உள்ளே முதுமக்கள் தாழிகள், ஒரு நடுகல், ஓலைச்சுவடிகள், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் கணக்கேடுகள், மரப்பெட்டிகள், ஏர்க்கலப்பை, இறைசால் என்று ஊர்க்காரர்கள் கொடுத்தவை. நுழைவுக் கட்டணம் மின்கட்டணத்துக்கும் காவலர் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடும்.

“கவர்ன்மெண்ட் தராதா?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் மாவட்டத்திலேயே கீழடியில் 2023 மார்ச்சில், சுமார் 18 கோடி ரூபாய் செலவில், இதே செட்டிநாட்டுப் பாணியில் அரசு ஒரு அருங்காட்சியகம் கட்டித் திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாகப் போய்ப் பார்க்கிறார்கள். மனம் நிறைகிறது. ஆனால் அது அரசின் கட்டடம். ஒழுகினால் பார்க்கத் துறை இருக்கிறது. தனி அறக்கட்டளையின் வீட்டுக்கு அப்படி யாரும் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பழைய தனியார் கட்டடத்தைப் பழுதுபார்ப்பது அந்த விதிகளுக்குள் எளிதில் பொருந்தாது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் அருங்காட்சியகங்களை மேம்படுத்த மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு முழுத் திட்ட அறிக்கை (டிபிஆர்), தணிக்கை செய்த கணக்கு, நம் கையிலிருந்து ஒரு பங்கு என்று ஏற்பாடு நிறைய வேண்டும். தவணை தவணையாகத்தான் பணம் வரும். வாங்கியதற்குப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். பெரிய சீரமைப்புக்கு அது சரி. இந்த மழைக்குள் கூரையை அடைக்க அதை எதிர்பார்க்க முடியாது.

பணம் தருகிறவர் முதலில் கேட்பது போட்டோவை அல்ல, பத்திரத்தை. செட்டிநாட்டு வீடுகளில் இது தனித் தலைவலி. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒரு புள்ளி (குடும்பம்) சென்னையில், ஒரு புள்ளி கோலாலம்பூரில், இன்னொன்று எங்கே என்று தேட வேண்டும். பெரியவர் வாய்வார்த்தையாக “வச்சு நடத்துங்கப்பா” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கம்பெனிக்காரர்களுக்கும் அரசுத் துறைக்கும் வாய்வார்த்தை போதாது. நமக்கும் போதாது. யாரோ ஒருவருடைய சொத்தில் ஊர்ப்பணத்தைக் கொட்டி நிமிர்த்திய பிறகு, பேரன் தலைமுறை வந்து “வீட்டைக் காலி பண்ணுங்க” என்றால் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பவர் வாங்கி, நீண்ட காலக் குத்தகையாகப் பதிவு செய்த பிறகுதான் நாங்கள் நன்கொடைப் புத்தகத்தையே அச்சடித்தோம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், வக்கீல் செலவு ஆகியவற்றுக்கு எந்த நன்கொடையாளரும் தர மாட்டார். அதைக் குழு உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். தயங்காமல் போடுங்கள்.

அடுத்தது, என்ன பழுது என்று தெரிந்துகொள்வது. கூரை ஒழுகுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே நுழைகிறது, எங்கே சொட்டுகிறது என்பது வேறு வேறு கதை. முதலில் வந்த கட்டட ஒப்பந்தக்காரர் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “மொத்தமா இடிச்சுட்டு காங்கிரீட் போட்டுடலாம் சார், அம்பது வருஷம் பாக்க வேணாம்” என்றார். கொட்டேஷன் ஒரே வரி, ஒரே தொகை. இப்படி ஒற்றைத் தொகை போட்ட தாளை எந்த நன்கொடையாளரிடமும் காட்டக் கூடாது. எதற்கு எவ்வளவு என்று பிரியாத தொகையைப் பார்த்தால் கொடுக்க வந்தவரும் பின்வாங்குவார்.

பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஓர் ஆர்க்கிடெக்டை அழைத்தோம். அவர் கட்டணத்தை எங்கள் வைப்புநிதி வட்டியிலிருந்து கொடுத்தோம். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அவரோடு சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரும் வந்தார். முகப்பு அறைக் கூரையின் கீழ் ஏணி போட்டு ஏறி, சுவருக்குள் செருகியிருந்த தேக்குக் கட்டையின் நுனியில் உளியை வைத்து அழுத்தினார். சுத்தியல்கூட எடுக்கவில்லை. உளி பாதிக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. அதே கட்டையின் நடுவில் வைத்துத் தட்டினார், டங்கென்று திருப்பியது.

“ஐயா, மரம் நடுவுல கல்லாட்டம் இருக்கு. சுவத்துக்குள்ள இருக்குற நுனிதான் போச்சு. மேல சிமெண்டு பூசுன நாள்ல இருந்து உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல. அது நுனியில வந்து உக்காந்துக்கிருச்சு” என்றார்.

மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் அவர் சொன்னது விளங்கும். நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதிப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். பின்னால் வந்தவர்கள் ஒழுகலை நிறுத்த அதன்மேல் சிமெண்டைப் பூசியதும் மூச்சு அடைபட்டது. சிமெண்டு வெயிலில் விரிசல் விடும், விரிசலில் தண்ணீர் போகும், போனது வெளியேறாது. சுவர்களிலும் இதே கதைதான். கீழிருந்து ஏறும் ஓதத்தைச் சிமெண்டுப் பூச்சு உள்ளேயே அடைத்துவைக்க, ஈரம் இன்னும் மேலே ஏறி, ஓலைச்சுவடிப் பேழை இருக்கும் உயரத்தில் உப்புப் பூத்தது.

இதனால் செலவுக் கணக்கே மாறியது. மொத்தக் கூரையையும் இடிக்க வேண்டாம். சிமெண்டை எடுத்து, நுனி போன கட்டைகளை மட்டும் மாற்றியோ ஒட்டுப்போட்டோ, மேலே சுண்ணாம்புத் தளம் போட்டால் போதும். ஆர்க்கிடெக்ட் மதிப்பீட்டை மூன்று தாள்களாகப் பிரித்துக் கொடுத்தார்: இந்த மழைக்குள் செய்தே ஆக வேண்டியவை, ஒரு பருவத்துக்குள் செய்ய வேண்டியவை, காத்திருக்கக்கூடியவை. முதல் தாளில் இருந்தவை மிகச் சாதாரணமான காரியங்கள். அடைபட்ட தூம்புகள் (மழைநீர் வடியும் குழாய்கள்), கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வேர்விட்ட அரசங்கன்றுகள், இரண்டு ஓட்டுக்கூரைகள் சேரும் மூலையில் துருப்பிடித்த தகரம். அதற்கான செலவைக் குழுவே ஏற்றுக்கொண்டது. அதை முடித்ததுமே பாதி ஒழுகல் நின்றது. பணம் கேட்டு வெளியே போகும் முன் இந்த முதல் தாளை முடித்துவிடுங்கள். “உங்க பங்குக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்பவரிடம் காட்ட ஒன்று இருக்கும்.

மதிப்பீட்டில் வழக்கமாக விடுபடுகிறவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூரையைத் திறக்கும்போது கீழே இருக்கும் பொருள்களை எங்கே வைப்பது? ஒவ்வொன்றையும் படமெடுத்து, எண் போட்டு, சுண்ணாம்புத் தூசி படாமல் வேறு அறைக்கு மாற்றுவதே ஒரு தனி வேலை. அதற்குப் பெட்டி, துணி, ஆள் வேண்டும். தாழியை நகர்த்தத் தெரிந்தவர் வேண்டும். திறந்த கூரைக்கு மேல் தற்காலிகத் தகரக் கொட்டகை வேண்டும், கோடை மழையை நம்ப முடியாது. சவுக்குச் சாரம், இடிபாடு அள்ளும் டிராக்டர், காட்சியகம் மூடியிருக்கும் மாதங்களின் கட்டண இழப்பு, பதிவு பெற்ற ஒப்பந்தக்காரராக இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி. இவ்வளவுக்கும் மேல், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் பழுதுகளுக்காக 20 சதவீதம். பழைய கட்டடத்தில் இந்த 20ஐ வெட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே கூடாது.

இனி பணம். முகப்புக் கூரையின் கட்டைகளுக்குக் கீழேயிருந்து சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டோம். எந்த எண் நல்லது, எது நுனி போனது என்று ஒரு படம். மாற்ற வேண்டிய கட்டை ஒவ்வொன்றுக்கும் மரம், கூலி, அதன்மேல் வரும் தளம், சாரத்தில் அதன் பங்கு, கூடவே 15 சதவீதப் பராமரிப்பு நிதி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்று ஒரே விலை வைத்தோம். கூரைக்குக் கொடுங்கள் என்றபோது நகராத ஊர், 7ஆம் கட்டைக்குக் கொடுங்கள் என்றதும் நகர்ந்தது. உளி இறங்கிய நுனியின் படத்தை வாட்ஸப்பில் போட்டோம். பள்ளிப் பழைய மாணவர்கள் சேர்ந்து இரண்டு கட்டை எடுத்தார்கள். பேருந்து நிலையக் கடைக்காரர்கள் ஒன்று. புள்ளி வரி கொடுத்தே கோயிலை நடத்திப் பழகிய ஊர் இது. பங்கு என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

ஒரு ஆச்சி பணத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்தார்கள். காசோலையாகக் கொடுத்தால் நல்லது என்று சொன்னதும் மறுநாள் பேரனோடு வங்கிக்குப் போய் எழுதி வந்தார்கள். பலகையில் எழுதப் பெயரைக் கேட்டேன். “பேரெல்லாம் வேணாம் தம்பி. எந்தக் கட்டைன்னு மட்டும் காட்டுங்க” என்றார்கள். கட்டையை ஏற்றிய அன்று வந்து, மேஸ்திரியிடம் நுனியைச் சுவரில் எவ்வளவு ஆழம் விடுகிறீர்கள், காற்றுப்போக இடம் விட்டீர்களா என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். கொடுத்தவர்களை வேலை நடக்கும்போதே கூப்பிட்டுக் காட்டுங்கள். திறப்பு விழா வரை வைத்திருக்காதீர்கள்; தளம் மூடிய பிறகு அவர்கள் கொடுத்தது கண்ணில் படாது.

மரத்தைக் காரைக்குடியில் பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடைகளில் வாங்கினோம். அதே வகைத் தேக்கு, நன்றாகக் காய்ந்தது. இன்னொரு வீட்டின் எலும்பை எடுத்து நம் வீட்டுக்கு வைக்கிறோமே என்று அந்தக் கிடங்கில் நின்றபோது நெஞ்சு கனத்தது. ஆனால் அந்த வீடு ஏற்கெனவே போய்விட்டது. மரமாவது இங்கே கூரை தாங்கட்டும் என்று எடுத்துவந்தோம். பழைய மரத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். சில கடைகளில் தரத் தயங்குவார்கள்; ரசீது இல்லாத மரத்தைத் தணிக்கையில் காட்ட முடியாது.

ரசீதுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு இருந்தால் நன்கொடை கொட்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்களைப்போன்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடையில் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. இப்போது சம்பளக்காரர்களில் நிறையப்பேர் அதில்தான் இருக்கிறார்கள். எனவே வரிச்சலுகையை முன்வைத்துப் பணம் கேட்காதீர்கள், கூரையை முன்வைத்துக் கேளுங்கள். பதிவு மட்டும் சரியாக இருக்கட்டும்: அதில்லாமல் கம்பெனிகள் பக்கம் போகவே முடியாது. நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் நன்கொடை விவரங்களை 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்று அனுப்ப வேண்டும். இதற்கு அவர்களின் பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே எழுதி வையுங்கள். உண்டியல் வைத்திருந்தால், பெயர் தெரியாத நன்கொடைக்கு ஒரு வரம்பு உண்டு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம், ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டியதற்கு 30 சதவீத வரி. இந்த எண்களெல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொல்பவை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களையும் படிவங்களையும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் காட்சியகங்கள் எல்லாமே கடல் கடந்த உறவினரை எதிர்பார்க்கும். அங்கேதான் கவனம் வேண்டும். வீட்டுப் பங்காளிகளில் ஒருவர் மலேசியக் குடிமகன். பெரிய தொகை ஒன்றை மனமுவந்து தர வந்தார். எங்கள் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழராக இருந்தாலும், இதே வீட்டில் பிறந்தவராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அப்படித் தந்தவர்களின் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்தோம். “நான் என் தம்பிக்கு அனுப்புறேன், அவன் உங்களுக்குத் தரட்டும்” என்று மலேசியக்காரர் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். மறுத்துவிட்டோம். பதிவுக்கு விண்ணப்பிக்க அறக்கட்டளை மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். சின்ன காட்சியகத்துக்கு அது எட்டாக்கனி. பதிலாக அவரிடம் வேறொன்று கேட்டோம்: குத்தகைப் பத்திரத்துக்கு மற்றப் பங்காளிகளைப் பேசிச் சம்மதிக்க வைப்பது. அதை அவர்தான் முடித்துக் கொடுத்தார். பணத்தைவிடப் பெரிய உதவி அது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) அடுத்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற வரம்புகளில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பது பெயர் சொல்லியே இருக்கிறது. இதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கம்பெனி அதிகாரிகள் பலர் கல்வி, மருத்துவம் மட்டுமே சேரும் என்று நினைத்திருக்கிறார்கள். அறக்கட்டளை தன் பெயரில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு கம்பெனி பேழைகளும் தொடுதிரையும் தர முன்வந்தது. கூரைக்கு மாட்டேன் என்றது. அவர்களை முகப்பு அறைக்கே கூட்டிப்போய், பேழை வைக்க நினைத்த இடத்துக்கு மேலே உப்புப் பூத்த சுவரையும் கூரையில் ஈரம் படர்ந்த இடத்தையும் காட்டினோம். தொடுதிரையை விட்டுவிட்டு அந்த அறையின் கூரை, சுவர், பேழை மூன்றையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மார்ச் 31க்குள் செலவை முடித்துக் கணக்குக் கொடுக்கச் சொன்னார்கள். சுண்ணாம்பு மார்ச் 31க்காக அவசரப்படாது. நீற்ற வேண்டும், புளிக்க வைக்க வேண்டும், பூசியபின் மெல்ல இறுக வேண்டும். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. அதைத் தொடர் பணி என்று கம்பெனி முன்கூட்டியே தீர்மானித்தால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். ஒப்பந்தம் எழுதும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும் காலமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் விண்ணப்பம் கொடுத்தால் மார்கழிக்குள் பணம் வரலாம், தையில் மழை விட்டதும் சாரம் கட்டலாம். மாசியில் கேட்டால் அடுத்த மழைக்கும் கூரை திறந்தே கிடக்கும்.

பெயர்ப்பலகைக்கு ஒரு வார்த்தை. நன்றி தெரிவித்துப் பெயர் போடுவது சரி; 2019இல் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை அதை வரியிலிருந்து விலக்குகிறது. கம்பெனியின் சரக்கையோ கடையையோ விளம்பரப்படுத்தினால் அது சேவை, வரி வரும்.

பணம் வந்ததும் வேறொரு கவலை ஆரம்பிக்கும். நன்கொடை தவணையில் வரும், மானியம் தாமதமாக வரும், ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் குறைவு. ஒரு சனிக்கிழமை கை விரித்தால் திங்கட்கிழமை வேறு ஊர் ஓட்டல் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள், திரும்பப் பிடிக்க முடியாது. எனவே ஆறு வாரக் கூலி கையில் இல்லாமல் சிமெண்டுப் பூச்சில் ஒரு கொத்துக்கூட விழக் கூடாது என்று எழுதி வைத்தோம். பொருள் வாங்குவதை நாங்களே செய்தோம், வேலையை அளந்து கூலி கொடுத்தோம். அளவுப் புத்தகம் ஒன்று. மேஸ்திரியும் குழுவில் ஒருவரும் வாரந்தோறும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கு ஒரே தடவை 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேலோ போனால் வருமான வரி (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும்: தனிநபருக்கு 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2. அதற்கு அறக்கட்டளைக்கு வரி பிடிப்பவருக்கான டான் எண் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கூரை வேலையில் கடைசித் தவணையை வேலை முடிந்த அன்று தரக் கூடாது. ஒப்பந்தக்காரர் தொகையில் 10 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை கண்டபிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதினோம். கூலியாட்களின் காசில் ஒரு பைசா பிடிக்கவில்லை. பிடித்தம் ஒப்பந்தக்காரரின் பங்கில் மட்டும். ஐப்பசியில் ஒரு மூலையில் ஈரம் தெரிந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம். அந்தப் பிடித்தம் இருந்ததால் போன் அடித்த மறுநாளே ஆள் வந்தது.

15 சதவீதப் பராமரிப்பு நிதியை நான் விடாப்பிடியாகக் காத்து வருகிறேன். கொடுப்பவரிடம் “இந்தப் பங்கு மூலதன நிதிக்கு” என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். அப்படி எழுத்து மூலம் குறித்துத் தந்ததைத் தனியாக வங்கி வைப்பில் போட்டால், அதை அந்த ஆண்டே செலவிட வேண்டிய வருமானமாகக் கணக்கில் கொள்ள மாட்டார்கள். வட்டியிலிருந்து ஆண்டுதோறும் புரட்டாசியில் ஆள் விட்டுத் தூம்பைத் துடைக்கிறோம், தளத்தில் முளைத்த கன்றுகளை வேரோடு எடுக்கிறோம், உடைந்த தட்டோட்டை மாற்றுகிறோம், ஓட்டை நகர்த்திய குரங்குகளின் வேலையைச் சரிசெய்கிறோம். சுண்ணாம்பு அடிப்பது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. “வட்டிக்குப் போட்டுவிட்டு எதற்கு மறுபடி வந்து கேட்கிறீர்கள்?” என்று குழுவிலேயே ஒருவர் சண்டை பிடித்தார். கண்காட்சி மேடை போட அந்தப் பணத்தைக் கேட்டவர்களும் உண்டு. பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்துப் போட்டாலொழிய அசலைத் தொட முடியாது என்று தீர்மானம் போட்டு வங்கிக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம்.

இப்போது இரண்டாங்கட்டின் ஓட்டுக்கூரை பாக்கி. ஓடுகளில் பெரும்பாலானவை நல்லவை. கீழே சட்டங்கள்தான் உளுத்திருக்கின்றன. ஓடுகளை இறக்கி, கழுவி, அடுக்கி, அதே ஓடுகளை ஏற்றுவதாகத் திட்டம். சட்டங்களுக்கு எண் போட்டாயிற்று. இந்த முறை ஒரு பங்கு 9,000 ரூபாய். அதிலும் 15 சதவீதம் வைப்புக்கு. மின்வயர் மாற்றும் செலவுக்கு மட்டும் இதுவரை யாரும் வரவில்லை. அதைச் சட்டங்களின் விலையோடு சேர்த்துக் கேட்பதா, தனியாகக் கேட்பதா என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம்.